சுமையும் சமநிலையும்



வாழ்க்கையில் சமநிலை என்பது யாது, பிறரை நடத்திச் செல்லும் பொறுப்பை ஏற்றவர்க்கு அது ஏன் இன்றியமையாதது என்பது பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். தலைமை என்றவுடன் அமைச்சர்களையும் படைத்தலைவர்களையும் மட்டுமே எண்ணிக்கொள்ள வேண்டா. வகுப்புத் தலைவன், பந்தாட்டக் குழுவின் தலைவி, விடுதியில் உணவுக் குழுவின் செயலாளர், தந்தை வெளியூரில் வேலை செய்ய, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகள் ஆகிய யாவரும் தலைவர்களே. ஒருவரையேனும் தம் சொல்லாலும் செயலாலும் வழிநடத்துகிறவர் எவரோ அவர் தலைவர். அவ்வகையில், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இன்றே ஏதேனும் ஒரு சிறு தலைமையை ஏற்றிருப்பீர்கள். ஏற்காதவர் நாளை ஏற்பீர்கள்.

தலைமை ஏற்றவர்க்கு நம் நாட்டில் முதன்முதலில் கூறப்படும் அறிவுரை, ‘உன்னை மறந்து உழை’ என்பது. நல்ல அறிவுரைதான். ஆயின், அதைப் பிழைபடப் பொருள் கொள்வோர் பலர். தன்னலத்தை மறப்பது வேறு. தன் உடலையும் உள்ளத்தையும் மறப்பது வேறு. தன்னலத்தை மறந்தவன் பிறர்க்குப் பயன்படுகிறான். உடலை மறந்தவனோ, சில காலத்துக்குப் பின், யாருக்காக உழைத்தானோ அவர்களே தன்னைத் தூக்கிச் சுமக்கும் நிலைக்கு ஆளாகிறான். இந்த வேறுபாட்டை இளமையிலேயே உணர்ந்துகொள்வது நலம்.

சமநிலை என்ற சொல்லைக் கேட்டதும் தராசு நம் நினைவுக்கு வரும். எனக்கோ மாட்டுவண்டி நினைவுக்கு வருகிறது. என் இளமையில் எங்கள் சிற்றூரில் நெல் மூட்டைகள் வண்டியில்தான் நகரத்துக்குச் சென்றன. பாரம் ஏற்றும்போது வண்டிக்காரர் ஒருவரையும் அவசரப்பட விடமாட்டார். முன்புறம் பாரம் மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்தும். பின்புறம் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மூட்டைகளின் எண்ணிக்கையோ ஒன்றுதான். அவற்றை வைக்கும் இடத்தைப் பொறுத்தே காளைகள் களிப்போடு நடப்பதும், நுரை தள்ளி நிற்பதும் அமைந்தன. இன்னும் ஒன்று உண்டு. சாலை மேடாக ஏறும்போது வண்டிக்காரர் தாமே முன்னால் நகர்ந்து அமர்வார். இறக்கம் வந்தால் பின்னால் நகர்வார். ஏற்றும்போது ஒரு முறை சரிபார்த்தாயிற்று என்று அவர் உறங்கிவிடுவதில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. நம்மை வீழ்த்துவது பெரும்பாலும் சுமையின் அளவு அன்று, சுமை அமைந்திருக்கும் முறையே என்பது ஒன்று. சமநிலை என்பது ஒரு முறை பெற்று நிலையாக வைத்துக்கொள்ளும் உடைமை அன்று, பாதை மாறுந்தோறும் மீண்டும் மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டிய பழக்கம் என்பது மற்றொன்று. தேர்வு மாதத்தின் சமநிலை வேறு. கோடை விடுமுறையின் சமநிலை வேறு. இரண்டுக்கும் ஒரே அட்டவணையை வைத்துக்கொள்பவன் இரண்டிலும் இடர்ப்படுவான்.

பெரியோர் வாழ்க்கையில் இது எவ்வாறு விளங்கியது என்று பார்ப்போம். 1918ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் முடிவுறாத காலத்தில், காந்தியடிகள் குசராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கும் பணியை மேற்கொண்டார். மக்களிடம் ஆதரவு இல்லை. ஊர் ஊராக நடந்தார். உணவோ பெரும்பாலும் நிலக்கடலை விழுதும் எலுமிச்சையுமே. உடம்பு தாங்கவில்லை, கடுமையான வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. மருந்து உண்ண மறுத்தார். சாவின் வாயிலை அடைந்துவிட்டதாகவே அவரும் எண்ணினார். அந்தப் பணியில் தம் உடம்பை ஏறத்தாழக் கெடுத்துக்கொண்டதைத் தம் தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். பசுக்களுக்கும் எருமைகளுக்கும் இழைக்கப்படும் கொடுமையை எண்ணிப் பால் அருந்துவதில்லை என்று அடிகள் நோன்பு பூண்டிருந்தார். அவ்வேளையில் அருகிலிருந்த கஸ்தூரிபா அம்மையார், “நோன்பு பசுவின் பாலுக்கும் எருமையின் பாலுக்கும் அல்லவா? வெள்ளாட்டுப் பாலுக்கு என்ன தடை?” என்னும் கருத்துப்படக் கேட்டார். அடிகள் இசைந்தார். அந்த இசைவு அவர் மனத்தைப் பிற்காலத்திலும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயினும் ரௌலட் சட்டத்தை எதிர்க்கும் பெரும்பணி கண்முன் நின்றது. அதற்காக வாழவேண்டும் என்ற வேட்கை வென்றது. உடல் மெல்லத் தேறிற்று. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பும் நோன்பும் அவர் அழைப்பின்மேல் நடைபெற்றன.

இங்கே நீங்கள் கருத வேண்டியது ஒன்று. படுத்திருந்தவர் தனி மனிதர். ஆனால் அவரோடு ஒரு நாட்டின் எதிர்காலமும் படுத்திருந்தது. தலைவர் தம் உடலைப் புறக்கணித்தால் நட்டம் அவரோடு நிற்பதில்லை. இன்னொன்றும் கருதத்தக்கது. நெருங்கியவர் ஒருவர் கூறிய நல்லுரையைக் கேட்டு இறங்கி வரும் பணிவு அவரிடம் இருந்தது. தலைவனைக் காக்கும் முதல் மருந்து அந்தப் பணிவே.

அடிகள் அத்துடன் முற்றும் கற்றுவிட்டார் என்று எண்ணாதீர்கள். 1926ஆம் ஆண்டின் பெரும்பகுதியைச் சுற்றுப்பயணங்களைத் தவிர்த்துச் சபர்மதி ஆசிரமத்திலேயே கழித்தார். 1927இல் கதர்ப் பயணத்தின் இடையே மீண்டும் உடல்நலம் குன்றியது. மைசூர்ச் சமத்தானத்தைச் சேர்ந்த நந்தி மலையில் பல வாரங்கள் ஓய்வெடுக்க நேர்ந்தது. மேடு வந்தபோதெல்லாம் வண்டியில் இடம் மாறி அமர்ந்தார் என்று கொள்ளலாம்.

இவற்றின் பயனை 1930இல் உலகம் கண்டது. மார்ச்சு 12ஆம் நாள் 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60. ஏறத்தாழ 240 மைல், அதாவது 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 5ஆம் நாள் தண்டிக் கடற்கரையை அடைந்தார். மறுநாள் காலை உப்பை அள்ளினார். நாளொன்றுக்குச் சராசரியாக 10 மைல். தம்மோடு வந்த இளைஞர் பலர் சோர்ந்தபோதும் அவர் நடந்தார். எப்படி முடிந்தது? அந்தப் பயணத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வழிபாடு, நூற்றல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகிய மூன்றும் எல்லார்க்கும் நாள்தோறும் கட்டாயம். திங்கட்கிழமைகளில் நடைப்பயணம் இல்லை. அடிகள் பேசாநோன்பு கொள்ளும் நாள் அது. ஒரு பேரரசையே அறைகூவி அழைத்துவிட்டுப் புறப்பட்ட மனிதர், ‘திங்கட்கிழமை எனக்கு ஓய்வு’ என்று இருந்தார். அந்த ஓய்வினால் போராட்டம் தளர்ந்ததா? இல்லை. செய்தி ஊர்களுக்கு முன்னதாகவே சென்று மக்கள் திரண்டனர். உலகத்தின் கண்கள் அக்கடற்கரையை நோக்கின.

அடிகள் காலத்தால் மிகத் தொலைவில் இருக்கிறார் என்று நீங்கள் கருதக்கூடும். உங்கள் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுகிறேன். சிமோன் பைல்சு என்னும் அமெரிக்க மங்கை உடற்பயிற்சிக் கலையில் ஒப்பற்றவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றவர். பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், அவர் நாட்டுக் குழுவே அவரை நம்பியிருந்தது. குழுப் போட்டியில் முதல் தாவலின்போது, காற்றில் தம் உடல் எந்தத் திசையில் சுழல்கிறது என்ற உணர்வே தமக்கு அற்றுப்போவதை அவர் அறிந்தார். உயரத்தில் சுழன்று தரையில் இறங்கும் கலை அது. உணர்வு தவறினால் கழுத்தே முறியக்கூடும். அவர் உடனே போட்டியினின்றும் விலகினார். எஞ்சிய தோழியர் ஆடிக் குழுவுக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தனர். அவர் களத்தின் ஓரத்தில் நின்று அவர்களை ஊக்கினார்.

அன்று அவரைக் கோழை என்றவரும் உண்டு. ஆயினும் 2024இல் பாரிசு நகரில் அவர் மீண்டும் களம் இறங்கினார். மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். விலகிய நாளில் தம்மைக் காத்துக்கொண்டதாலேயே திரும்பி வரும் நாள் அவருக்கு வாய்த்தது. இதனால், சிறிது களைப்பு வந்ததும் பொறுப்பைக் கைவிட்டு ஓடலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். களைப்பு வேறு; அபாயக் குறி வேறு. ஓய்வெடுத்தால் தீர்வது களைப்பு. ஓய்வெடுத்தும் தீராமல், உண்ணவும் உறங்கவும் ஒட்டாமல், விரும்பிய செயலும் கசக்கும் நிலை பல நாள் நீடித்தால் அது அபாயக் குறி. இரண்டையும் பிரித்தறிவதே தன்னை அறிதல்.

இனி நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் உதவி ஆசிரியனாய்ப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கடமையே உருவானவர். ஆய்வுக்கூடம், நூலகம், விளையாட்டுப் பொருள் அறை, பண்டக அறை ஆகிய எல்லாவற்றின் சாவிகளும் அவருடைய ஒரே கொத்தில் இருந்தன. காலையில் முதலில் வருபவரும் அவரே. மாலையில் கடைசியாகச் செல்பவரும் அவரே. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் தொடர். செய்முறைத் தேர்வுக்குச் சில நாள் முன்னர் அவர் மயங்கி விழுந்தார். அண்டை நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். சாவிக்கொத்து அவருடைய பையில் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தைத் திறக்க வழியில்லை. கதவு திறந்த பின்னரும், எந்த அலமாரியில் எந்தப் பொருள் உள்ளது என்று அறிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. மூன்று நாட்கள் பள்ளியே திகைத்து நின்றது.

ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். முதல் ஆசிரியர் கூட்டத்தில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, வளையத்தைப் பிரித்து, ஒவ்வொரு சாவியாக எடுத்து ஒவ்வொருவரிடம் தந்தார். விளையாட்டு அறையின் சாவி உடற்பயிற்சி ஆசிரியரிடமும், அதற்கான பதிவேடு பத்தாம் வகுப்பு மாணவர் தலைவனிடமும் சென்றன. அதன்பின் அவர் மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு சென்றார். பள்ளி முன்னிலும் நன்றாக நடந்தது. ஏனெனில், அதுவரை ஒருவர் மட்டும் அறிந்திருந்ததை இப்போது பதின்மர் அறிந்தனர். எல்லாவற்றையும் தானே செய்பவன் பிறர் வளரும் வாய்ப்பையும் தானே எடுத்துக்கொள்கிறான். பொறுப்பைப் பகிர்வது தலைவனுக்கு ஓய்வு; தொண்டனுக்குக் கல்வி. பின்னாளில் நானே ஒரு பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது அந்தப் பிரிந்த சாவிக்கொத்து எனக்கு ஆசிரியப் பயிற்சியைவிடப் பெரிய பயிற்சியாய் விளங்கியது.

மாணவப் பருவத்தில் சமநிலையைக் குலைப்பது பெரும்பாலும் உறக்கக் குறைவே. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனை நினைவு கூர்கிறேன். நன்கு பயில்பவன்; கைப்பந்துக் குழுவின் தலைவனும் அவனே. அரையாண்டுத் தேர்வில் வினாத்தாளைப் பெற்ற சிறிது நேரத்தில் மேசைமேல் தலை சாய்ந்துவிட்டான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு குறிப்பேட்டைத் தந்து, “ஒரு வாரத்துக்கு உன்னுடைய இருபத்து நான்கு மணி நேரமும் எங்கே செல்கிறது என்று உள்ளபடி எழுதி வா, தம்பி” என்றேன். எழுதி வந்தான். உறக்கம் ஐந்து மணி நேரங்கூட இல்லை. கைப்பேசிக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் சென்றிருந்தது. அதுவும் இரவு படித்து முடித்தபின். “ஐயா, இவ்வளவு நேரம் போகிறது என்று எனக்கே தெரியாது” என்றான். நான் வேறு அறிவுரை கூறத் தேவையிருக்கவில்லை. கணக்கே அறிவுரை கூறிவிட்டது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உறக்கத்தை ஆராயும் மருத்துவ அறிஞர் கூறுகின்றனர். உறங்கும்போது மூளை வேலை நிறுத்தம் செய்வதில்லை. பகலில் கற்றவற்றை நினைவில் ஊன்றச் செய்யும் பணியில் ஈடுபடுகிறது. ஆகவே, படித்துவிட்டு உறங்காதிருப்பது விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதிருப்பது போலாம். ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. தேர்வு நெருங்கியதும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் பலவற்றில் உண்டு. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனைச் சிந்திக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதே நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நோயின்மை மட்டும் நலம் ஆகாது. உடல், உள்ளம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையுற்றிருப்பதே நலம் என்பது அதன் கொள்கை. மூன்றாவதைக் கூர்ந்து நோக்குங்கள். நண்பரோடு நகைத்துப் பேசும் பொழுதும், பெற்றோரோடு அமர்ந்து உண்ணும் உணவும், தாத்தா பாட்டியிடம் கதை கேட்கும் மாலையும் நலத்தின் பகுதிகளே. அவற்றை வீண்பொழுது என்று கருதி வெட்டிவிடுகிறவன், மரத்துக்கு வேர் அழகில்லை என்று வெட்டியவனை ஒப்பான்.

நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியவை நான்கு கூறுகிறேன்.

முதலாவது, ஒரு வாரம் உங்கள் பொழுதுக்குக் கணக்கு எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டா. உங்களுக்கு மெய்யாக எழுதினால் போதும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு நாளின் ஒரு பகுதியை உங்களுக்கென்று காத்துக்கொள்ளுங்கள். அப்போது கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும். நடங்கள், செடிக்கு நீர் ஊற்றுங்கள், வீணையோ பறையோ பழகுங்கள், அல்லது வாளா அமர்ந்திருங்கள்.

மூன்றாவது, தலைமை ஏற்றிருப்பவர்கள் தம் கையிலுள்ள சாவிகளில் ஒன்றையேனும் இம்மாதத்துக்குள் பிறர்க்குத் தந்து பழக்குங்கள். அவர் முதலில் சிறிது தடுமாறுவார். தடுமாறட்டும், அருகில் நில்லுங்கள்.

நான்காவது, துன்பம் எல்லை மீறும்போது வாய் திறந்து கேளுங்கள். தலைவனுக்கு உதவி தேவைப்படலாகாது என்று எந்த நூலும் விதிக்கவில்லை. தாயிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல நா எழவில்லையாயின், மன நல உதவிக்கென இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிப் பணி உண்டு. அதன் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிடினும், உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குத் தேவைப்படக்கூடும். அண்மைக் காலமாக யாரோடும் பேசாமல் ஒதுங்கி அமர்ந்திருக்கும் தோழர் ஒருவரைக் கண்டால், “என்னப்பா, சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். பெரிய சொற்பொழிவைவிட அந்த ஒரு வினா ஓர் உயிருக்கு அரணாகலாம். வகுப்புத் தலைவனுடைய கடமைகளில் இதைவிடப் பெரிய கடமை ஒன்றை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வாழ்ந்த நான் அறியேன்.

மாணவச் செல்வங்களே! நாட்டுக்கு உழைக்க நீங்கள் வேண்டும். ஒரு நாள் இரு நாள் அல்ல, ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும். அத்துணை நெடுங்காலப் பணிக்கு உரிய உடம்பையும் உள்ளத்தையும் இப்போதிருந்தே பேணி வருவது நீங்கள் நாட்டுக்குச் செய்யும் முதல் தொண்டு. நாளைய பாடத்தில் எஞ்சியது இருப்பின் விடியலில் எழுந்து படித்துக்கொள்ளலாம். இன்றிரவு விளக்கை நேரத்தோடு அணைத்து, நன்றாக உறங்குங்கள்.